சீனி வைத்தால் நேரம் கூடும் தராசு

2023 ஜூலை, ஒரு சனிக்கிழமை இரவு 9.10. ஹட்டனில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டோரிலிருந்து, அதாவது தொழிற்சாலையிலிருந்து, டீமேக்கர் ஐயா கோல் எடுத்தார்.

"தம்பி, ஒங்க மெசின் வாட்டம் முடிஞ்சிருச்சின்னு மணி அடிக்குது. கொழுந்து போட்டு அரை மணித்தியாலம்தான் ஆச்சு. இன்னும் தண்ணி சொட்டுது."

ஸ்கிரீனில் என்ன இருக்கிறது, வாசியுங்கள் ஐயா என்றேன்.

"இப்ப எடை பூச்சியம். போட்டப்ப எடை..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பதினாறு லட்சத்து தொண்ணூறாயிரத்து நாப்பது கிலோ. நாங்க தட்டுல போட்டது அஞ்சு கிலோ. நேரம் காலை 6 மணி 52 நிமிசம். வருசம் 1970. அப்ப நான் பொறக்கவே இல்ல தம்பி."

மணியின் வயரைக் கழற்றிவிடுங்கள், மெசினை மட்டும் நிறுத்தாதீர்கள், காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவர் எப்போதும் போலக் கையால் கொழுந்தைப் பிடித்துப் பார்த்தே அந்த இரவை ஓட்டினார். ஆகவே கொழுந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோது, லினக்ஸ் ஓஎஸ்ஸின் அடித்தளமான கர்னலும் அதன்மேல் ஓடும் சாதாரண புரோகிராமும் ஒரு ஹெடர் கோப்பை எப்படிப் பங்குபோட வேண்டும் என்பதை அதுவரை நான் சரியாகப் படிக்கவே இல்லை என்று தெரிந்தது. பிழையில் பெரும்பங்கு என்னுடையது. அதனால் எழுதவும் நானே பொருத்தம்.

தராசு எதற்கு

இது தொழிலாளர்களின் கொழுந்தை நிறுக்கும் தராசு அல்ல. அதில் கை வைக்க எனக்குத் தைரியம் கிடையாது. அங்கே அரைக் கிலோ தவறினால் அது ஒருவருடைய பேரில், சம்பளத்தில் போய் நிற்கும். நான் சொல்வது ஸ்டோருக்குள்ளே வாட்டத்தைப் பார்க்கிற சின்னத் தராசு.

பறித்து வரும் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அதை ட்ரஃப் என்ற நீண்ட தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்று அடித்து, 12 முதல் 18 மணித்தியாலம் வாட்டி, தண்ணீரை 55 பங்கு அளவுக்குக் குறைத்த பிறகுதான் உருட்டும் மெசினுக்குப் போகும். தண்ணீர் போனாலும் உலர்ந்த பொருள் அப்படியே இருக்கும் என்பதால் எடையை வைத்தே வாட்டத்தைச் சொல்லிவிடலாம். 77 பங்கு தண்ணீர் உள்ள 5 கிலோ கொழுந்தில் உலர்ந்த பொருள் 1,150 கிராம். அது 45 பங்காக வேண்டுமென்றால் மொத்த எடை சுமார் 2,555 கிராமுக்கு இறங்கவேண்டும். கொஞ்சம் முன்னதாகவே கூப்பிடட்டும் என்று 2,650 கிராமில், அதாவது போட்ட எடையில் நூற்றுக்கு 53-இல், மணி அடிக்க வைத்தோம்.

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், 4,000 அடிக்கு மேலே உள்ள தோட்டம். ஜூலையில் தென்மேல் மழை விடாது. கொழுந்து நனைந்தே வரும், வாட்டம் இழுக்கும், டீமேக்கர் இரவெல்லாம் ஏறி இறங்குவார். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஸ்டோரின் எலக்ட்ரீஷியன் தம்பியும் நானும் 2021-இல் செய்தது இது. ட்ரஃப்புக்குள் ஒரு கம்பி வலைத் தட்டு, அதன் கீழே எடையை உணரும் ஒரு லோட் செல், அதிலிருந்து அதை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் சிப், அதிலிருந்து ரஸ்பெரி பை 4 என்ற ஒரு சின்னக் கணினி.

எச்எக்ஸ்711-க்கு ஒரு குணம் உண்டு. அதனிடமிருந்து ஒவ்வொரு பிட்டாக வாங்க ஒரு கடிகாரக் கம்பியை ஏற்றி இறக்கவேண்டும். ஏற்றிய நிலையில் 60 மைக்ரோ செக்கனுக்கு மேல் விட்டால் அது தூங்கப் போய்விடும். சாதாரண புரோகிராமிலிருந்து இதைச் செய்தால், லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குத் தாவும் நேரத்தில் வாசிப்பு கெட்டுவிடும். அதனால் தம்பி ஒரு கர்னல் மொடியூல், அதாவது கர்னலுக்குள்ளேயே ஏறி ஓடும் ஒரு துண்டு, எழுதினார். எடையைக் காட்டி, மணி அடித்து, பதிவு எழுதும் புரோகிராமை நான் எழுதினேன். இரண்டும் பேசிக்கொள்ள ஐஆக்டில் என்ற அழைப்பு. அந்தப் பேச்சின் வடிவத்தைச் சொல்ல ஒரு ஹெடர்.

ஒரே ஹெடர், இரண்டு கொப்பி

அந்த ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது சில எண்களை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டு. நாலே உறுப்பு: வரிசை எண், கிராம், நேரம், நிலைக்கொடி. வரிசை எண்ணும் கொடியும் குறியில்லாத இன்ட் என்ற முழு எண் வகை. கிராமும் நேரமும் லோங் என்ற இன்னொரு வகை. நேரம் என்றால் யூனிக்ஸ் வழக்கப்படி 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள்.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தில் ஒரு வரி எழுதுகிறார், தொழிலாளியின் துண்டிலும் அதையே எழுதுகிறார். இரண்டிலும் கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும்வரை சண்டையில்லை. துண்டில் ஒரு கட்டம் கூடியோ குறைந்தோ அச்சாகிவிட்டால் திகதியைக் கிலோ என்று வாசிக்க வேண்டியதுதான். ஹெடர் என்பது அந்தக் கட்டங்களை அச்சடிக்கும் பலகை. இரண்டு தரப்பும் ஒரே பலகையில் அடிக்கவேண்டும்.

நாங்கள் இரண்டு பலகை வைத்திருந்தோம். மொடியூலின் அடைவில் ஒன்று, என் புரோகிராமின் அடைவில் அதன் கொப்பி. 2021-இல் கர்னலும் 32 பிட், புரோகிராமும் 32 பிட். லோங் இரண்டு பக்கமும் 4 பைட் (ஒரு பைட் 8 பிட்). மொத்தம் 16 பைட், இரண்டு பக்கமும் ஒன்றே. இரண்டு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. கொப்பிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். கடைசிவரை அவை ஒன்றுக்கொன்று வேறுபடவே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம்

கரண்ட் போய் வந்ததில் பழைய எஸ்டி கார்ட் செத்துவிட்டது. புதிய கார்டில் அதே 32 பிட் ரஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புதிய வெளியீட்டைப் போட்டோம். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் தம்பி ஒரு மணித்தியாலமாக மொடியூலைக் கம்பைல் செய்யப் போராடிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். 2023-இன் முற்பாதியில் ரஸ்பெரி பை தரப்பினர் ஒரு மாற்றம் செய்தார்கள். பை 4-இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் ஏறுவது 64 பிட் கர்னல். மேலே உள்ள புரோகிராம்கள், நூலகங்கள், கம்பைலர் எல்லாம் 32 பிட். அடியில் கர்னல் மட்டும் 64. யூநேம் கட்டளையிடம் கேட்டால் ஏஆர்ச்64 என்கிறது. லோங் எத்தனை பிட் என்று கெட்கொன்ஃப் கட்டளையிடம் கேட்டால் 32 என்கிறது. இரண்டும் உண்மை.

ஆகவே பெட்டிக்குள் இருக்கும் 32 பிட் கம்பைலரால் அந்தக் கர்னலுக்கு மொடியூல் செய்யமுடியாது. 64 பிட் குறுக்குக் கம்பைலரைப் போட்டு மொடியூலைச் செய்தோம். ஏறியது. புரோகிராமை ஓட்டினால் பிழை எண் 25. இந்தக் கருவிக்கு அப்படியோர் ஐஆக்டில் இல்லை என்று அர்த்தம்.

இங்கேதான் என் கைவரிசை ஆரம்பம். 32 பிட் புரோகிராம் 64 பிட் கர்னலை ஐஆக்டில்லோடு கூப்பிட்டால், அந்த அழைப்பு மொடியூலின் வழக்கமான வாசலுக்குப் போகாது; கொம்பாட்-ஐஆக்டில் என்ற தனி வாசலுக்குப் போகும். அந்த வாசலை மொடியூல் வைத்திருக்காவிட்டால் கர்னல் 25 என்று திருப்பி அனுப்பிவிடும். அதாவது, இரண்டு அகலத்துக்கும் என் ஸ்ட்ரக்ட் பொருந்தும் என்று மொடியூலை எழுதியவர் யோசித்து உறுதி சொல்லும்வரை கர்னல் உள்ளே விடாது. நான் யோசிக்கவில்லை. வழக்கமான செயற்கூற்றையே அந்த வாசலிலும் மாட்டச் சொன்னேன். ஒரே வரி.

மறுபடி ஓட்டினோம். மறுபடியும் 25.

இரண்டாவது காவல் இது. ஐஆக்டில்லின் கட்டளை எண் வெறும் எண் அல்ல. 32 பிட்டுக்குள் நாலு செய்தி அடங்கியிருக்கிறது: 8 பிட் வரிசை எண், 8 பிட் வகை எழுத்து, 14 பிட்டில் ஸ்ட்ரக்டின் அளவு, 2 பிட்டில் தரவு போகும் திசை. ஐஓஆர் என்ற மெக்ரோ ஸ்ட்ரக்டின் அளவை எடுத்து எண்ணுக்குள் வைத்துத் தைத்துவிடும். எங்கள் வகை எழுத்து, தராசு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் முதலில் வரும் சின்ன t, 16 அடிமானத்தில் 74. (அந்த எழுத்தைக் கர்னலின் பதிவேட்டில் பிபிபி என்ற வலையிணைப்பு முறை எப்போதோ பிடித்துவைத்திருக்கிறது என்று பிறகு பார்த்தேன். எங்கள் பெட்டியில் மோதவில்லை, அவ்வளவுதான்.) புரோகிராம் கேட்டது 80107401. மொடியூல் காத்திருந்தது 80207401-க்கு. நடுவில் உள்ள 10-ஐயும் 20-ஐயும் பாருங்கள். 16 அடிமானத்தில் 10 என்றால் 16 பைட், 20 என்றால் 32 பைட். உன் ஸ்ட்ரக்டும் என் ஸ்ட்ரக்டும் ஒன்றல்ல என்று அந்த இரண்டு இலக்கமும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தன.

மாலை ஐந்தரை ஆகிவிட்டது, மழை, கடைசி பஸ் போய்விடும். எண்கள் ஒத்துப்போகவில்லையே, அளவை எடுத்துவிட்டால் ஒத்துப்போகும் என்று தோன்றியது. இரண்டு கொப்பியிலும் ஐஓஆரை ஐஓ ஆக்கினேன். ஐஓ அளவைத் தைக்காது. இரண்டு பக்கமும் 7401. ஓட்டினோம், ஓடியது.

தட்டு காலி. எடை பூச்சியம் என்று காட்டியது. சரிதானே? நேரம் மட்டும் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்றிருந்தது. பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது, இணையம் வந்ததும் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். அந்த ஓஎஸ் கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் சேமித்துவைத்து அதிலிருந்துதான் தொடங்கும், 1970-க்குத் திரும்பாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னேன். காலித் தட்டில் சோதிப்பதும் ஒரு சோதனையா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

ஞாயிறு காலை, ஒரு கிலோ சீனி

எட்டு மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தேன். மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது எடை பூச்சியம். போட்ட எடை பதினாறு லட்சத்துச் சொச்சம் கிலோ. நேரம் காலை 6.18.

"ராத்திரி 6.52-ன்னு சொன்னேன்ல" என்றார் டீமேக்கர் ஐயா. "இப்ப 6.18. இந்த மணிக்கூடு பின்னுக்குல்ல போவுது."

பின்னோக்கி ஓடும் மணிக்கூடு. கொழுந்து காயக் காயக் குறைந்துகொண்டே வரும் ஏதோ ஒன்று. இரவெல்லாம் அது என் கண் முன்னே இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை. அவர் சொன்ன விதத்தில் புரிந்தது. தேத்தண்ணி போடும் மேசையில் உடைக்காத ஒரு கிலோ சீனி பக்கெட் இருந்தது. எடுத்து வந்து கொழுந்தின் மேல் வைத்தேன். ஸ்கிரீனில் நேரம் 6.18.00-இலிருந்து 6.34.44-க்குத் தாவியது. 16 நிமிடம் 44 விநாடி. 1,004 விநாடி. அந்த 4 விநாடி பக்கெட் உறையின் எடை. சீனியை எடுத்தேன், மணிக்கூடு பழையபடி இறங்கியது.

"சீனி வச்சா நேரம் கூடுதா?" என்று சிரித்தார். "எனக்கும் ஒரு பக்கெட் குடுங்க."

எடை நேரத்தின் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. எண் பூச்சியம் என்றால் 1970 ஜனவரி 1, கிறினிச்சில் நள்ளிரவு, இலங்கையில் காலை 5.30. 2,880 கிராம் என்றால் அதிலிருந்து 48 நிமிடம், 6.18. முந்தின இரவு அவர் வாசித்த 6.52 ஏறக்குறைய 4,960 கிராம். அப்படியானால் பதினாறு லட்சம் கிலோ என்ன? ஸ்கிரீன் கிலோவில் காட்டுகிறது; கிராமில் எழுதினால் இரவு 9.10-க்கு அது 1690040400. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் 169 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணைப் பார்த்தால் 2023 என்று தெரியும். நேரம் போய் எடையின் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது, விநாடிக்கு ஒரு கிராம் ஏறிக்கொண்டு.

பைட் பைட்டாக

32 பிட் புரோகிராமின் கண்ணில் ஸ்ட்ரக்ட் இப்படி: பைட் 0-இல் வரிசை எண், 4-இல் கிராம், 8-இல் நேரம், 12-இல் கொடி. மொத்தம் 16.

64 பிட் கர்னலில் லோங் 8 பைட், அதோடு அது 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் உட்காரும். ஆகவே 0-இல் வரிசை எண், 4-இலிருந்து 7 வரை ஒன்றுமில்லாத நிரப்பல், 8-இல் கிராம், 16-இல் நேரம், 24-இல் கொடி, மறுபடி 4 பைட் நிரப்பல். மொத்தம் 32.

கர்னல் தன் 32 பைட்டை எழுதியது. புரோகிராம் தன் கண்ணாடியைப் போட்டு வாசித்தது. கிராம் என்று அது எடுத்தது நிரப்பலை. மொடியூல் ஸ்ட்ரக்டை முதலில் பூச்சியத்தால் நிரப்பியிருந்ததால் அங்கே பூச்சியம். (அப்படி நிரப்பாமல் விட்டிருந்தால் கர்னலின் உள் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒன்று அந்த நிரப்பல் வழியாக வெளியே கசிந்திருக்கும், அது பாதுகாப்புப் பிழை. தம்பி அந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்.) நேரம் என்று எடுத்தது கிராமின் கீழ்ப்பாதியை.

மீதி 16 பைட்? அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புரோகிராம் 16 பைட்டுக்குத்தான் இடம் வைத்திருந்தது. கர்னல் அதைத் தாண்டி எழுதிக்கொண்டே போனது. என் புரோகிராமில் ஸ்ட்ரக்டை அடுத்து இருந்தது போட்ட எடை. அதன்மேல் நேரத்தின் கீழ்ப்பாதி விழுந்தது: 1690 டன். அதற்கடுத்த ட்ரஃப் எண் பூச்சியமானது. அதற்கும் அப்பால் நான் பயன்படுத்தாத இரண்டு எண்ணிகள். அவை போனது யாருக்கும் தெரியவில்லை. கருவியைத் திறந்த கைப்பிடி எண் இன்னும் நாலு பைட் தள்ளி இருந்தது. அதுமட்டும் கொஞ்சம் முன்னால் இருந்திருந்தால் புரோகிராம் முதல் வாசிப்போடேயே விழுந்திருக்கும், நானும் அன்று பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

பூச்சியத்தை 1690 டன்னால் வகுத்தால் பூச்சியம். 53-ஐ விடக் குறைவு. கொழுந்து போட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் பார்க்கவேண்டும் என்று நான் வைத்த தாமதம் முடிந்த கணமே மணி அடித்தது.

கர்னல்காரர்கள் பட்டது

இரண்டு கொப்பியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் இது நடந்தது. ஹெடரைப் பங்குபோடுவது என்றால் கோப்பைப் பங்குபோடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கர்னலை எழுதுகிறவர்கள் இதே பாடத்தை நீண்ட காலம் படித்திருக்கிறார்கள்.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில், கணினியின் பொது ஹெடர் அடைவிலிருந்து கர்னல் மூலநிரல் அடைவுக்கு ஓர் இணைப்புக் கொடுத்துவிடு என்று இருக்கும். அது வேண்டாம், சி நூலகம் எந்த ஹெடர்களை வைத்துக் கம்பைல் ஆனதோ அவைதான் அங்கே இருக்கவேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். கர்னல் ஹெடர்களில் வெளியாருக்கான வாக்குறுதியும் உள்வீட்டுச் சமாசாரமும் கலந்து கிடந்தன. உள்வீட்டுப் பகுதியைக் கர்னல் என்ற மெக்ரோவால் மறைத்திருப்பார்கள், சிலர் மறைக்க மறந்திருப்பார்கள். ஒவ்வொரு லினக்ஸ் விநியோகமும் தானே உட்கார்ந்து களை பிடுங்கியது. 2006-இல் 2.6.18 வெளியீட்டோடு ஹெடர்களைச் சுத்தம் செய்து தரும் கட்டளை கர்னலுக்குள்ளேயே வந்தது. 2012 டிசம்பரில் 3.7 வெளியீட்டில் டேவிட் ஹவல்ஸின் வேலையால் வெளியாருக்கானவை யூஏபிஐ என்ற தனி அடைவுக்குப் பிரிந்தன. அந்த அடைவில் இருப்பது மாறாது என்பது வாக்கு. வெளியே இருப்பது நாளைக்கே மாறலாம், யாரும் கேட்கமுடியாது.

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் வழியில் வந்த ஓஎஸ்களில் இதனாலேயே ஒரு குழப்பம் உண்டு, தம்பியும் அதில் மாட்டியிருந்தார். லினக்ஸ்-லிப்சி-டெவ் என்ற பொதியில் வருவது யூஏபிஐ ஹெடர்கள், சாதாரண புரோகிராம்களுக்கு. கர்னல்-ஹெடர்ஸ் என்ற பெயரில் வருவது முழு உள்வீடு, மொடியூல் கட்டுவதற்கு மட்டும். பெயரில் ஒற்றுமை, வேலையில் இல்லை. மொடியூலுக்கான அடைவைச் சாதாரண புரோகிராமின் தேடல் பாதையில் சேர்த்து, எப்படியோ கம்பைல் ஆகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த ஆள்தான்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. கர்னலின் உரிமம் ஜிபிஎல் 2. அதன் ஹெடரைச் சேர்த்தால் என் புரோகிராமும் ஜிபிஎல் ஆகிவிடுமா என்று தம்பி கேட்டார். யூஏபிஐ ஹெடர்களின் முதல் வரியிலேயே சிஸ்கோல் குறிப்பு என்ற விலக்கு எழுதியிருக்கும். சாதாரண வழியில் கர்னலைக் கூப்பிடும் புரோகிராமை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது என்பதே அந்த விலக்கு. எங்கள் ஹெடரிலும் அதையே போட்டோம்.

கொப்பி எடுப்பதே பாவம் என்று இல்லை. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலச் செய்துகாட்டும் கியூஎம்யூ யூஏபிஐ ஹெடர்களைக் கொப்பி எடுத்துத் தன் மூலநிரலோடு வைத்திருக்கிறது, வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியும் அப்படித்தான். ஆனால் கியூஎம்யூவில் அவற்றைப் புதுப்பிக்கத் தனி ஸ்கிரிப்ட் இருக்கிறது. பெர்ஃப் கட்டப்படும்போது கொப்பியும் மூலமும் வேறானால் எச்சரிக்கை வரும். எங்களிடம் இருந்தது ஒரு யூஎஸ்பி குச்சி.

திருத்தியது

குறுக்குவழி ஒன்று இருந்தது. ரஸ்பெரி பையின் அமைப்புக் கோப்பில் 64 பிட்டை அணைக்கும் ஒரு வரியைப் போட்டால் பழைய 32 பிட் கர்னல் ஏறும், பழைய ஹெடரும் வேலை செய்யும். அன்று காலை அதைத்தான் முதலில் செய்ய நினைத்தேன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, அடுத்த கார்ட் சாகும்போது நாம இங்க இருப்பமா?" என்று கேட்டார். சரிதான்.

லோங்கை எடுத்தெறிந்தோம். கர்னல் ஹெடர்கள் வெளியாரோடு பேச வைத்திருக்கும் யூ32, எஸ்32, எஸ்64 என்ற நிலையான அகல வகைகள் மட்டும். முதலில் 8 பைட் நேரம், பிறகு வரிசை எண், கிராம், கொடி, கடைசியில் பெயர் வைத்த ஒரு வெற்று உறுப்பு. நிரப்பலைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விடாமல் நாங்களே எழுதியதால் எங்கே கட்டினாலும் 24 பைட். இன்டெலின் 32 பிட் வழக்கில் 8 பைட் எண் 4-ஆல் வகுபடும் இடத்தில் உட்காரும், ஆர்மில் அப்படியில்லை. இந்த வரிசையில் அந்த வித்தியாசமும் தலையிடாது. நேரம் 64 பிட் ஆனதால், 32 பிட் விநாடிக் கணக்கு நிரம்பி வழியும் 2038-ஐப் பற்றியும் கவலை இல்லை, அதுவரை தட்டு துருப்பிடிக்காமல் இருந்தால்.

ஐஓவை மறுபடி ஐஓஆர் ஆக்கினோம். இப்போது இரண்டு பக்கமும் 80187401. கொம்பாட் வாசலை வைத்துக்கொண்டோம், ஆனால் இம்முறை உறுதி சொல்லும் தகுதியோடு. கர்னலே தரும் கொம்பாட்-பிடிஆர்-ஐஆக்டில் என்ற செயற்கூறு அங்கே போதும். ஹெடரின் அடியில் கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கப்படும் இரண்டு உறுதிமொழிகள்: ஸ்ட்ரக்ட் 24 பைட், கிராம் 12-ஆம் பைட்டில். யாராவது ஓர் உறுப்பைச் சேர்த்தால் கம்பைலரே நின்றுவிடும். ஹெடர் ஒரே இடத்தில், மொடியூலோடு. அது நிறுவப்படும்போது பொது அடைவுக்குப் போகும், என் புரோகிராம் அங்கிருந்து எடுக்கும். இரண்டு மணித்தியால வேலை.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான், கர்னலின் மூலநிரலிலேயே எச்எக்ஸ்711-க்கு ஒரு ஓட்டி (டிரைவர்) வருடக்கணக்காக இருப்பதைப் பார்த்தேன். அது அளவை ஒரு கோப்பில் எழுத்தாகவே தந்துவிடும். ஸ்ட்ரக்ட் இல்லை, ஹெடர் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

மூன்றாவது கொப்பி

அடுத்த வாரம் ஒஃபிஸிலிருந்து கோல் வந்தது, வாட்ட அறிக்கை குப்பையாக வருகிறது என்று. பதிவுக் கோப்பை என் புரோகிராம் நினைவகத்தில் இருந்தபடியே அள்ளிக் கொட்டும்: ஸ்ட்ரக்ட் 16 பைட், போட்ட எடை 4, ட்ரஃப் எண் 4. ஒஃபிஸில் அதைப் பிரிக்கும் பைதன் ஸ்கிரிப்டில் அந்த வரிசை ஒரு சிறு எழுத்துத் தொடராக எழுதியிருந்தது. பைதனால் சி ஹெடரைச் சேர்க்கமுடியாது, எந்தக் கம்பைலரும் அதைப் பார்க்காது. ஆனால் அதுவும் எங்கள் ஹெடரின் கொப்பிதான். இப்போது பதிவை எண்களாக, காற்புள்ளி போட்ட வரிகளாக எழுதுகிறோம்.

பழைய கோப்புகளைத் துழாவியபோது அந்தச் சனி இரவின் கோப்பும் கிடைத்தது. நிமிடத்துக்கு ஒரு பதிவு, எதுவும் தொலையவில்லை. நேரக் கட்டத்தில் எடை, போட்ட எடையின் கட்டத்தில் நேரம். கட்டங்களை மாற்றி வாசித்தால் முழு வாட்டமும் ஒரு கோடாக வந்தது, காலை 8.20 பக்கம் ஒரு கிலோ சீனி ஏறி இறங்கிய மேட்டோடு.

மெசின் ஒழுங்காக இருந்திருந்தால் 2,650 கிராமில், காலை 9.50-க்கு மணி அடித்திருக்கும். டீமேக்கர் ஐயா அப்போது கொழுந்தை எடுக்கவில்லை. மழைக் கொழுந்தின் மேலே ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் நாங்கள் 5 கிலோ நிறுத்திருந்தோம். அந்தத் தண்ணீர் வாட்டக் கணக்கில் சேராது. 300 கிராம் மேல்தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எடுக்கவேண்டிய எடை ஏறக்குறைய 2,400. அவருடைய நோட்டில் பென்சிலால் 11.20 என்று எழுதியிருந்தார். எங்கள் கோப்பில் அதே நிமிடத்துப் பதிவின் நேரக் கட்டத்தில் இருந்தது 1970 ஜனவரி 1, காலை 6.10.30. அதாவது 2,430 கிராம்.